தொடர்படமும் முன்னறிவும்: வழிநூல் மரபின் துணையோடு ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு படம் மக்கள் மனத்தில் இடம்பிடித்துவிட்டால், அதே பெயரில் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் வருவது தமிழ்த் திரையுலகில் இன்று வழக்கமாகிவிட்டது. ‘சிங்கம்’, ‘அரண்மனை’, ‘காஞ்சனா’ எனப் பட்டியல் நீள்கிறது. அடுத்த பாகத்தை எடுக்க வருபவர் முந்தைய படங்களை எந்த அளவுக்கு அறிந்திருக்க வேண்டும்? காட்சிக்குக் காட்சி மனப்பாடமாக இருக்க வேண்டுமா, ஒன்றும் அறியாமல் புதுக் கண்ணோடு வருவதுதான் நல்லதா? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

நெய்வேலி நகரியத்தில் இருந்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு இங்கே சுரங்கப் பகுதியில் நடந்தது. வருமான வரித்துறையினர் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்ததும், விஜய் வாகனத்தின் மேல் ஏறிக் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்ததும் நாடறிந்த செய்திகள். அதே ஆண்டு நவம்பரில் அந்த இயக்குநரின் அடுத்த படமாக ‘விக்ரம்’ அறிவிக்கப்பட்டது. 1986இல் வந்த படத்தின் பெயரையும் நாயகனையும் மீண்டும் எடுத்துக்கொண்ட அந்தப் படம்தான் இந்த ஆய்வின் முதன்மைச் சான்று.

இன்னொரு காரணமும் உண்டு. நகரியக் குடியிருப்புகளில் சுரங்கத்தை நம்பி மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய ‘விக்ரம்’ தாத்தா காலத்துப் படம், ‘இந்தியன்’ அப்பா காலத்துப் படம், ‘கைதி’ பேரன் காலத்துப் படம். ஒரே தொடர்படத்துக்கு மூவரும் சேர்ந்து போகும்போது, இயக்குநர் எதை அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி, பார்ப்பவர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்ற கேள்வியோடு பிணைந்துவிடுகிறது.

2. மரபு தரும் அளவுகோல்

முன்னவர் படைப்பின் மேல் பின்னவர் எழுப்பும் படைப்புக்கு இலக்கணம் தமிழில் பழையது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என இருவகைப்படுத்தியது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கியது. வழிநூல் முதல்நூலின் முடிபை முழுதும் ஏற்க வேண்டும், அதன்மேல் தான் வேண்டிய வேறுபாட்டையும் தர வேண்டும். சார்புநூல் முன்னவற்றோடு ஒரு பகுதி ஒத்து, மற்றவற்றில் மாறுபடலாம். ஏற்க வேண்டியது இது, மாற்றத் தக்கது இது என்று மரபு பிரித்துக் காட்டியிருக்கிறது. முன்னோனைப் படியெடுத்தால் போதும் என்று அது சொல்லவில்லை. முன்னோனை அறியாமல் எழுதலாம் என்றும் சொல்லவில்லை.

இலக்கியத்தில் இதற்கு ஒளிமிக்க சான்று மணிமேகலை. சிலப்பதிகாரப் பதிகத்தின்படி, கண்ணகி கதையின் உட்பொருளை இளங்கோவடிகளுக்கு எடுத்துச் சொன்னவரே மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார்தான். முதற்காப்பியத்தை அவரளவு அறிந்தவர் இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் கோவலனையும் கண்ணகியையும் மீண்டும் கதையின் நடுவில் நிறுத்தவில்லை. மாதவியின் மகளை எடுத்துக்கொண்டார், கதையைப் பௌத்த அறத்தின் பக்கம் திருப்பினார். அந்தத் திருப்பம் ஒட்டாமல் போகவில்லை. ஏனெனில் மாதவியின் துறவும் மகளின் துறவும் சிலம்பிலேயே விதையாக இருந்தவை. நிறைந்த அறிவும் துணிந்த மாற்றமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

3. முன்னறிவின் மூன்று வகைகள்

‘அறிந்திருக்க வேண்டுமா’ என்ற கேள்வி தெளிவான விடை தராமல் இழுபறியாகவே நிற்பதற்குக் காரணம், அறிவு என்று ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்களைக் குறிப்பதுதான்.

3.1 செய்தி அறிவு: பெயர்கள், உறவுகள், நிகழ்ச்சிகளின் வரிசை, மக்கள் மறவாத பாடல், உடை, வசனம்.

3.2 நெறி அறிவு: அந்தக் கதையுலகம் எந்த விதியின்படி இயங்குகிறது என்பது. இறந்தவர் ஆவியாக வரலாமா? நாயகனால் எது முடியும், எது முடியாது?

3.3 கரு அறிவு: முதல் படம் எந்த வலியால், எந்தக் கேள்வியால் மக்களைப் பிடித்து நிறுத்தியது என்பது.

இம்மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. கீழ்வரும் சான்றுகள் அதைக் காட்டும்.

4. சான்றுகள்

4.1 ‘கல்யாணராமன்’ (1979), ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985)

தமிழின் முதல் தொடர்படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது இரண்டாவது படம். முதல் படத்தை இயக்கியவர் ஜி.என். ரங்கராஜன். இரண்டாவதை இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன். இயக்குநர் மாறியும் கதையுலகம் கலையவில்லை. இரண்டிலும் எழுத்து பஞ்சு அருணாசலத்திடம் இருந்தது, இசை இளையராஜாவிடம் இருந்தது, அண்ணன், தம்பி ஆகிய இரு வேடங்களிலும் கமல்ஹாசனே நடித்தார். செய்தி அறிவும் நெறி அறிவும் இயக்குநர் தலைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குழுவுக்குள் இருந்தால் போதும் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் முதல் படத்தில் வெகுளி அண்ணன் கொல்லப்பட்டு, ஆவியாகித் தம்பியின் துணையோடு நீதி தேடுகிறான். இரண்டாவதில் ஆவி வருகிறது, நீதிக்கான அந்தத் தவிப்பு வரவில்லை. நெறி தொடர்ந்தது, கரு முதல் படத்திலேயே நிறைவுற்றுவிட்டது. முதல் படம் நின்ற அளவுக்கு இரண்டாவது மக்கள் மனத்தில் நிற்காததற்கு இதையே காரணமாகக் கருதுகிறேன்.

4.2 ‘விக்ரம்’ (1986), ‘விக்ரம்’ (2022)

முதல் படத்தை இயக்கியவர் ராஜசேகர், எழுதியவர் சுஜாதா. ‘அக்னிபுத்ரா’ ஏவுகணை களவு போகிறது. மனைவியைப் பறிகொடுத்த உளவாளி அதைத் தேடிப் புறப்படுகிறான். 36 ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் ஏவுகணையும் இல்லை, முதல் படத்தில் வந்த சலாமியா என்ற கற்பனை நாடும் இல்லை. எஞ்சியவை ஒரு பெயரும், இழப்பைச் சுமந்தபடி கடமையில் இறங்கும் உளவாளி என்ற கருவும்தான். அன்று மனைவியை இழந்தவன் இன்று மகனை இழந்து நிற்கிறான்.

அதே படம் 2019இல் வந்த ‘கைதி’யோடு மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது. அதன் காவல் அதிகாரி பிஜோய், அதன் போதைப்பொருள் கும்பல், அதன் பகை எல்லாம் தொடர்கின்றன. படம் வெளியாவதற்கு முன் லோகேஷ் ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டது ‘கைதி’யை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படிதான். அவர் தம்மைக் கமல்ஹாசனின் ரசிகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். ஆயினும் பழைய படத்தின் செய்திகளை அடுக்கித் தம் பற்றைக் காட்ட முனையவில்லை.

இதிலிருந்து ஒரு விதியை வகுக்கலாம். செய்தி அறிவு எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்வது பார்ப்பவரின் நினைவு. மூன்று ஆண்டுக்கு முந்தைய படத்தில் ஒரு பெயர் தவறினாலும் அரங்கம் கண்டுபிடித்துவிடும். 36 ஆண்டுக்கு முந்தைய படத்திலிருந்து மக்கள் எடுத்துவந்திருப்பது அதன் உணர்வை மட்டுமே.

4.3 ‘சந்திரமுகி’ (2005), ‘சந்திரமுகி 2’ (2023)

இரண்டையும் இயக்கியவர் பி. வாசு. ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) கதையைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும் (2004) பிறகு தமிழிலும் எடுத்தவர் அவர். கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’ (2010) என்ற தொடர்ச்சியையும் தந்தவர். இந்தக் கதையுலகை அவரைவிட அறிந்த இயக்குநரைத் தேடிப் பிடிக்க முடியாது. அரண்மனை, பூட்டிய அறை, வேட்டையன் என்ற மன்னன் என எல்லாச் செய்திகளும் இரண்டாம் பாகத்திலும் இருக்கின்றன.

ஆனால் முதல் கதையின் கரு, பேய் என்று ஊரே அஞ்சியது ஒரு பெண்ணின் மனநோய் என்பது. மாந்திரீகத்தை நம்பிய வீட்டுக்குள் மனநல மருத்துவர் நுழைவதுதான் அதன் உயிர். இரண்டாம் பாகம் ஆவியை உண்மை என்றே ஏற்றுக்கொண்டது. அதனால் முதல் படம் நம்மை அழைத்துச் சென்று நிறுத்திய முடிவே பொருளற்றுப் போகிறது. வழிநூல் முதல்நூலின் முடிபை ஏற்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே மீறப்பட்டது. செய்தி அறிவு எவ்வளவு குவிந்திருந்தாலும் கருவின் இடத்தை நிரப்பாது.

4.4 ‘இந்தியன்’ (1996), ‘இந்தியன் 2’ (2024)

இங்கும் இயக்குநர் ஒருவரே, ஷங்கர். முதல் படத்தில் வசனம் எழுதிய சுஜாதா 2008இல் மறைந்துவிட்டார். அவர் இல்லாமலும் இரண்டாம் பாகம் முதல் படத்தின் கருவை மறக்கவில்லை. ஊழலை ஒழிப்பதை உன் வீட்டிலிருந்து தொடங்கு என்பதே அதன் பேச்சு. ஆனாலும் விமர்சனங்கள் பெரும்பாலும் பாதகமாகவே வந்தன. முதல் படத்தில் நாயகன் சேனாபதி கொள்கைக்கான விலையைத் தானே கொடுத்தார். லஞ்சம் தர மறுத்ததால் மகளை இழந்தார், லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொன்றார். இரண்டாம் பாகத்தில் அந்த விலையை இளைஞர்கள் கொடுக்கிறார்கள், அவர் அறிவுரை கூறுபவராக நிற்கிறார். கருவைச் சொல்லால் அறிவது ஒன்று, அதன் வலி யார் மேல் விழுகிறது என்று அறிவது வேறொன்று. தொடர்படத்துக்கு இரண்டாவது அறிவே உயிர்.

4.5 வெளியுலகச் சான்று: ‘ஸ்டார் ட்ரெக் 2’ (1982)

இயக்குநர் நிக்கோலஸ் மேயரும் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட்டும் அப்படத்துக்கு மூலமான தொலைக்காட்சித் தொடரை அறியாமல்தான் பொறுப்பேற்றார்கள். பென்னட் 79 பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்தார். 1967இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் முடியாமல் விடப்பட்டிருந்த பகையைக் கண்டெடுத்தார். மேயர் அதைப் பழைய கடற்படைக் கதைகளின் வேகத்தோடு எழுதினார், மூப்பையும் இறப்பையும் அதன் பொருளாக்கினார். இன்றும் அந்த வரிசையின் சிறந்த படங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஆழ்ந்த முன்னறிவு வேண்டாம் என்போர் இதைத்தான் எடுத்துக்காட்டுவர். உண்மையில் இது அவர்களுக்கு எதிரான சான்று. அறியாமல் வந்தார்கள், அறியாமல் எடுக்கவில்லை.

5. மறுப்புகளும் விடைகளும்

5.1 ‘அதிகம் அறிந்தவர் முன்னதற்கு அடிமையாவார்’ என்பது முதல் மறுப்பு. அடிமையாக்குவது அறிவு அல்ல, அச்சம். பழைய பாடலையும் வசனத்தையும் திரும்ப வைத்தால் கைதட்டல் உறுதி என்ற அச்சமே படத்தைப் பழம்பொருள் காட்சியாக்குகிறது. கருவை அறிந்தவர் எதை விடலாம் என்றும் அறிவார்.

5.2 ‘பெயர் மட்டும் தொடர்ந்தால் போதாதா’ என்பது இரண்டாவது. ‘பீட்சா’ (2012) வந்த மறு ஆண்டே வேறு இயக்குநரின் ‘பீட்சா 2: வில்லா’ வந்தது. கதைத் தொடர்ச்சி கிடையாது. இதைச் சார்புநூல் வகையில் வைக்கலாம். செய்தி அறிவு அங்கே தேவைப்படவில்லை. ஆனால் அச்சமும் எதிர்பாராத் திருப்பமும் சேர்ந்த அனுபவம் என்ற வாக்கு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பெயரை எடுப்பவர் வாக்கையும் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

5.3 ‘அப்படியானால் குழுவில் எல்லோரும் அறிஞராக வேண்டுமா’ என்பது மூன்றாவது. இதற்கு நம் சுரங்கமே விடை சொல்லும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிக்க ஊற்றுநீர் இருக்கிறது. இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் இங்கே நிலக்கரி எடுக்க முடியாது. 1957இல் தொடங்கிய முதல் சுரங்கம் கற்றுக்கொண்ட அந்தப் பாடம், 1980களில் நிலக்கரியைத் தொட்ட இரண்டாம் சுரங்கத்துக்கும் பொருந்தும். பக்கெட் வீல் இயந்திரத்தை ஓட்டுபவர் முதல் சுரங்கத்தின் முழு வரலாற்றையும் படிக்க வேண்டியதில்லை. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்பவர் அடிநீரை அறிந்தே ஆக வேண்டும். படத்திலும் அப்படித்தான். ‘இது இந்தக் கதைக்கு ஒவ்வாது’ என்று சொல்லும் அறிவும், அந்தச் சொல்லைக் கேட்க வைக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

6. முடிவுகள்

ஆய்வில் தெளிந்தவை நான்கு. ஒன்று, கரு அறிவு இயக்குநருக்குக் கட்டாயம், அதை வேறொருவரிடம் ஒப்படைக்க இயலாது. இரண்டு, நெறி அறிவு எழுத்தாளர், தயாரிப்பாளர் என யாரிடம் இருந்தாலும் சரி, எழுதத் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். மூன்று, செய்தி அறிவின் அளவைப் பார்ப்பவரின் நினைவு தீர்மானிக்கும், அதைப் படித்தும் பெறலாம், துணைவைத்தும் பெறலாம். நான்கு, முதல் படத்தைத் தானே எடுத்திருப்பதோ அதன் ரசிகராக இருப்பதோ இந்த அறிவுக்கு ஈடாகாது. சொந்தப் படைப்பையும் புதிதாகப் படித்தே தீர வேண்டும்.

தொடர்படம் எடுப்பவர் கடன் வாங்கித்தான் தொடங்குகிறார். மக்கள் முதல் படத்தின் மேல் வைத்த அன்புதான் அந்தக் கடன். ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தில் ஒதுக்கி அரங்குக்கு வருவது அந்த அன்பின் பேரில்தான். எதற்காக அவர்கள் அந்தப் படத்தை நேசித்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களை மீண்டும் அழைப்பது நேர்மை ஆகாது. தெரிந்துகொண்ட பிறகு எவ்வளவு மாற்றினாலும் அது அவருடைய உரிமை.