அன்னத்தின் காலடி

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுவைக்குச் செல்லும் சாலை நம்மில் பலருக்குப் பழக்கமானது. அச்சாலை சென்று சேரும் ஊர் இருவகை ஏடுகளுக்கு உரியது. 1908 முதல் 1910 வரை பாரதியின் 'இந்தியா' வார இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அங்குள்ள ஆய்வு நிறுவனங்கள் காத்துவரும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

ஓலைக்கும் செய்தித்தாளுக்கும் என்ன உறவு? சொற்களே விடை கூறுகின்றன. ஏடு என்பது ஓலை. நாளேடு அதன் வழி வந்தது. பத்திரிகை என்னும் வடசொல்லின் வேரான பத்திரமும் இலையே. ஈய எழுத்துகளை வரிசைப்படுத்தியவரை அச்சுக்கோப்பவர் என்றோம். பூவைக் கோப்பதற்கும் அதே வினைதான். அவர் கோத்த வரிகளை அடுக்கி வைக்கும் நீண்ட தட்டுக்கு ஆங்கிலத்தில் கேலி என்று பெயர். அதிலிருந்து எடுத்த முதற்படியே அச்சகங்களில் கேலி புரூஃப் எனப்பட்டது.

அந்தப் படியில் இடும் திருத்தக் குறிகளின் பெயர்கள் இலத்தீனிலிருந்து வந்தவை. சுழித்து நீக்கும் 'டெலே' என்றால் 'அழித்துவிடு'. அடித்த சொல்லை மீட்கும் 'ஸ்டெட்' என்றால் 'நிற்கட்டும்'. விடுபட்ட இடத்தைக் காட்டும் 'கேரட்' என்றால் 'குறைகிறது'.

இவற்றுள் கடைசிக் குறி நமக்குப் புதிதன்று. ஏடெழுதுவோர், எழுத்து விடுபட்ட இடத்தில் பறவைக் காலடி போன்ற ஒரு குறியிட்டு, விட்டதை வேறிடத்தில் எழுதினர். அதற்கு அம்சபாதம் என்று பெயர். அன்னத்தின் கால் என்பது பொருள். காகபாதம் என்றும் வழங்கினர். இலத்தீன்காரர் குறையைப் பெயராக்கினர். நம்மவர் குறியின் உருவத்தைப் பெயராக்கினர்.

எழுத்தாணி கீறிய ஓலையில் பிழையைச் சுவடின்றி அழிப்பது அரிது. ஆகவே, பிழையும் திருத்தமும் அருகருகே நின்றன. பெரும்பாலான ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. அத்தகைய ஏடுகளை ஒப்புநோக்கித்தான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடெழுதியவர் எங்கே தடுமாறினார் என்பதும் பதிப்பாசிரியருக்கு ஒரு சான்று.

இன்று கணினித் திரையில் திருத்துகிறோம். பிழை இருந்த சுவடே தெரிவதில்லை. வசதிதான். ஆயினும் நம் கையெழுத்துப் படிகளையும் திருத்திய மெய்ப்புகளையும் பழைய தாள்களோடு எடைக்குப் போடுமுன் சற்றே தயங்குவோம். ஒரு வாக்கியம் எப்படி உருவாயிற்று என்பதற்கு அந்தக் காலடிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.