தும்பாக் கடற்கரையின் காணிக்கை

வறுமை இன்னும் முற்றாக நீங்காத ஒரு நாடு விண்ணில் ராக்கெட் விடுவது தகுமா என்னும் வினா நம் பங்குகளில் அவ்வப்போது எழுவதுண்டு. வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. அறிவியல் ஆய்வுக்கென அரசு செலவிடும் பணம் வானிலிருந்து பொழிவதன்று. நாள் முழுதும் உழைத்து வீடு திரும்பும் ஒருவர் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போது தம்மை அறியாமலே செலுத்தும் வரியும் அதில் கலந்திருக்கின்றது. 2025-26-ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 13,416 கோடி ரூபாய். இவ்வளவு பெருந்தொகை யாருக்காக என்று கேட்பது குடிமகனின் உரிமை, கிறிஸ்தவனின் கடமையும்கூட. விடையைத் தேட வேண்டிய இடம் தொலைவில் இல்லை. நம் குமரிக் கடற்கரையிலிருந்து மேற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு மீனவச் சிற்றூரின் வரலாறே விடை கூறுகின்றது.

காந்த நடுக்கோடும் கடற்கரைச் சிற்றூரும்

திருவனந்தபுரத்தை அடுத்துள்ள தும்பா, தும்பைச் செடியை நினைவூட்டும் பெயர் கொண்ட ஊர். பழந்தமிழர் மரபில் தும்பை, வலிமையை நிலைநாட்டப் பொருதும் மன்னர் சூடிய பூ. அப்பெயர் தாங்கிய மணற்பரப்பு, பகைமை கொண்ட வல்லரசுகள் ஒன்றுகூடி உழைத்த அமைதிக்களமாக மாறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தும்பாவைத் தேர்ந்தெடுத்தவர் மனிதர் என்பதைவிட இயற்கை என்பதே பொருந்தும். நிலவுலகுக்கு நிலநடுக்கோடு இருப்பது போலவே காந்த நடுக்கோடும் உண்டு. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று ஆறுபோல் பாய்கின்றது. வானொலி அலைகளையும் காந்த ஊசிகளையும் அது பாதிப்பதால் அதனை அறிய அறிஞர் விழைந்தனர். பலூன்கள் அவ்வுயரத்தை எட்டா. செயற்கைக்கோள்களோ அதற்கு மேலே சுற்றுவன. சில நிமிடங்கள் மேலெழுந்து கடலில் விழும் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளே அதனுள் புகுந்து அளக்க வல்லவை. காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகிலும், ராக்கெட் விழுந்தால் தீங்கு நேராதவாறு கடலோரத்திலும் அமைந்திருந்தது தும்பா.

1962-இல், அணுசக்தித் துறையின் தலைவர் ஹோமி பாபாவின் ஆதரவோடு, விக்ரம் சாராபாயின் தலைமையில் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அரசு தன் மக்களின் பணத்தை இத்துறையில் இடத் துணிந்த தொடக்கம் அது. தேர்வு செய்யப்பட்ட நிலம் இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 600 ஏக்கர். ஆனால் அந்நிலம் வெற்று நிலமன்று. அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. நடுவே புனித மகதலா மரியாள் ஆலயம் நின்றது.

ஆலயத்தைக் கேட்ட அறிஞர்

பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் நடந்ததைத் தம் எழுத்துகளிலும் உரைகளிலும் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கின்றார். சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரில் சென்று கண்டார். ஆயர் உடனே விடை கூறாமல் ஞாயிறன்று ஆலயத்துக்கு வருமாறு அழைத்தார். திருப்பலிக்குப் பின் அவர் மக்களிடம் விளக்கினார்: அறிவியல் மனித வாழ்வை வளமாக்குகின்றது, ஆன்மிகம் மனித உள்ளத்துக்கு அமைதி தருகின்றது, இரண்டும் இறைவனின் கொடைகளே. ஆகவே ஆலயத்தையும், தம் இல்லத்தையும், மக்களின் வீடுகளையும் இப்பணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடியிருந்தோர் ஆமென் என்றனர்.

அரசுக்கு நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் சட்டப்படி உண்டு. அப்படியிருந்தும் கேட்டுப் பெறப்பட்டது என்பதே இந்நிகழ்வின் அழகு. சமண மரபில் பிறந்த ஓர் அறிஞர் கேட்டார், கத்தோலிக்க ஆயர் ஒருவர் தம் மக்களைக் கேட்டார், மக்கள் கொடுத்தனர், இராமேசுவரத்து இசுலாமிய இளைஞர் ஒருவர் அந்த ஆலயத்தினுள் பணி தொடங்கினார். செப அறை ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறை வரைபடக்கூடமாயிற்று. மக்களுக்குப் பக்கத்தில் புதிய ஆலயமும் குடியிருப்பும் அமைந்தன. பழைய ஆலயமோ இடிக்கப்படவில்லை. இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இவ்வரலாற்றில் அறிஞரின் பெயரும் ஆயரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. வீட்டைக் காலி செய்து வலையையும் கட்டுமரத்தையும் சுமந்து நகர்ந்த குடும்பத் தலைவிகளின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணின் பெயரையும் நற்செய்தியாளர் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் அவரது காணிக்கையை ஆண்டவர் கவனித்தார். மீனவனுக்குக் கரை என்பது வெறும் மனையன்று. படகேறும் துறை, மீன் காயும் மணல், முன்னோரின் நினைவு யாவும் அதுவே. அதைக் கொடுத்தவர் தம் மிகுதியிலிருந்து கொடுக்கவில்லை.

பகைவர் கூடிய களம்

1962 அக்டோபரில் கியூபாவை முன்னிட்டு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுப்போரின் விளிம்புவரை சென்று மீண்டன. அதே மாதத்தில்தான் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, நாடுகளிடையே நிலவ வேண்டியது அச்சத்தால் ஆன சமநிலையன்று, ஒருவரையொருவர் நம்பும் உறவே என்று உலகுக்கு உணர்த்தினார். அவ்வாண்டே நவம்பர் 21-ஆம் நாள் மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது.

அந்த ராக்கெட்டைச் சற்று உற்று நோக்குவோம். நைக்-அப்பாச்சி என்னும் அந்த இரண்டடுக்கு ராக்கெட் அமெரிக்காவின் நாசா தந்தது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சு தந்தது. சோவியத் ஒன்றியம் கணிப்பொறியும் ஹெலிகாப்டரும் தந்தது. இயக்கியோர், நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இந்திய இளைஞர். ஏறத்தாழ 200 கி.மீ. உயரம் சென்ற அது, கதிரவன் மறைந்த வானில் ஆரஞ்சு நிற ஒளிமேகத்தை விரித்தது. அம்மேகம் காற்றில் நகர்ந்த விதத்தைப் படமெடுத்து, மேல்வானின் காற்றோட்டத்தை அளந்தனர். கீழே ஒருவரையொருவர் குறிவைத்து ஏவுகணைகளை நிறுத்தியிருந்த நாடுகள், ஒரு மீனவக் கரையில் காற்றின் திசையறியக் கைகோத்து நின்றன.

இக்கூட்டுறவு எளிதில் கைகூடியதன்று. ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளிக் குழு, காந்த நடுக்கோட்டில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஆய்வுத் தளம் ஒன்று வேண்டுமென விரும்பியது. அமைதி நோக்கம் ஒன்றுக்கே பயன்பட வேண்டும், எந்நாட்டு அறிஞருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பன நெறிகளாயின. 1968 பிப்ரவரி 2-ஆம் நாள் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி தும்பாத் தளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். நிலவுக்கு ஆளனுப்பும் போட்டியில் செல்வ நாடுகளோடு இறங்கும் கனவு நமக்கில்லை; ஆனால் மனிதரின் மெய்யான இடர்களைத் தீர்க்க உயர்ந்த தொழில்நுட்பத்தைக் கையாள்வதில் நாம் எவர்க்கும் பின்னிடலாகாது என்பதே சாராபாயின் கொள்கையாக இருந்தது.

பெற்றதும் கொடுத்ததும்

பிறர் தந்ததைப் பெற்றுக்கொண்டு அதோடு நின்றுவிடவில்லை என்பது இவ்வரலாற்றின் சிறப்பு. பிரான்சின் உரிமம் பெற்றுச் சென்டார் ராக்கெட்டுகள் இங்கேயே செய்யப்பட்டன. 1967 நவம்பரில் நம் நாட்டில் உருவான சிறிய ரோகிணி ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் நம் முதற் செயற்கைக்கோளான ஆரியபட்டா சோவியத் ராக்கெட்டில் ஏறிச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக்காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு வேளாண்மை, நலவாழ்வு, கல்வி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. 1971 இறுதியில் மறைந்த சாராபாய் அதைக் காணவில்லை; அவர் கண்ட கனவு அது.

நட்புக்குள் நெருடலும் இருந்தது. 1992-இல், உருசியா கிரையோஜெனிக் பொறிநுட்பத்தை நமக்கு விற்க முன்வந்ததைக் காரணம் காட்டி, அமெரிக்கா நம் விண்வெளி நிறுவனத்தின்மீது தடை விதித்தது. ராக்கெட் அறிவு ஏவுகணை அறிவுமாகலாம் என்னும் ஐயம் அதன் பின்னே இருந்தது. அவ்வையம் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. 1983-இல் தொடங்கிய நம் ஏவுகணைத் திட்டத்தை வழிநடத்தியவரும் தும்பா ஆலயத்தில் பணி தொடங்கிய அதே கலாம்தான். ஒரே இரும்பு கலப்பையாகவும் வாளாகவும் ஆகக்கூடும் என்பதை இறைவாக்கினர் அறிந்திருந்தனர். அறிவு எத்திசையில் திரும்பும் என்பதை முடிவு செய்வது மனித மனச்சான்றே.

எனினும் நல்லுறவு மீண்டும் துளிர்த்தது. 2025 ஜூலை 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்னும் செயற்கைக்கோளை நம் ராக்கெட் சுமந்து சென்றது. அதன் இரு ரேடார்களுள் ஒன்று நாசாவினுடையது, மற்றொன்று நம்முடையது. நில அசைவையும் பனிப்பாறைகளையும் வயல்வெளிகளையும் கண்காணிப்பது அதன் பணி. 1963-இல் அமெரிக்க ராக்கெட்டுக்காகக் காத்திருந்த நாடு, 62 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கக் கருவியைத் தன் ராக்கெட்டில் ஏற்றிச் சென்றது. பெற்றவர் கொடுப்பவராதலே வளர்ச்சியின் அடையாளம். 1964 டிசம்பரில் பம்பாய் வந்த திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர், நாடுகள் படைக்கலச் செலவின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக்க வேண்டுமென முறையிட்டார். 1967-இல் வந்த ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலில் அம்முறையீட்டை மீண்டும் நினைவூட்டினார். பகிர்வு என்பது இரக்கமன்று, நீதி என்பதே அவர் போதனையின் சாரம்.

ஒக்கி கேட்ட கேள்வி

இனி நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். யாருக்காக?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனையை நெருங்கியபோது, நம் செயற்கைக்கோள்கள் அதன் முகில்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர் பல நாட்களுக்கு முன்பே கடலேறியிருந்தனர். கரையின் கைப்பேசி அலை எட்டாத தொலைவில் இருந்த அவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டனர். பலரின் உடலும் கிடைக்கவில்லை. தூத்தூர் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் அறிவோம். எந்த மறைமாவட்டத்தின் மக்கள் தம் ஆலயத்தையே அறிவியலுக்குக் கொடுத்தனரோ, அதே மறைக்குடும்பத்தின் பிள்ளைகளுக்கு அந்த அறிவியலின் எச்சரிக்கை எட்டவில்லை.

பழியைச் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பநிலைத் தகவலால் மீன்வளமுள்ள இடங்களை மீனவர் அறிகின்றனர். புயலறிவிப்பால் கரையோர மக்கள் எண்ணற்றோர் காக்கப்பட்டுள்ளனர். ஒக்கிக்குப் பின், 2019-இல், ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுத்தரும் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. ஆயினும் படகிலிருந்து மறுமொழி கூற அதனால் இயலாது. 2024 ஆகஸ்டு 30-ஆம் நாள், 1 லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 364 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கப்பட்டது. நம் விண்வெளி நிறுவனத்தின் தொழில்நுட்பமே அதற்கு அடிப்படை. மகிழ வேண்டிய செய்தி இது. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: அத்தொகை, விண்வெளித் துறைக்கு ஓராண்டில் ஒதுக்கப்படும் பணத்தில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு. தும்பாவில் முதல் ராக்கெட் எழுந்து 60 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, நிலம் தந்த குலத்தாருக்கு அது வந்து சேர்ந்தது. தடையாக இருந்தது பணமோ அறிவோ அன்று. கடைசிப் படகுவரை சென்று சேர வேண்டும் என்னும் கரிசனையே குறைவாயிருந்தது.

ஆகவே ஏழை நாடு ராக்கெட் விடலாமா என்பதன்று சரியான வினா. விடலாம், விட்டதனால் நாம் பெற்ற நன்மை பெரிது. விட்டபின் அதன் பயன் எவரை முதலில் சென்றடைகின்றது என்பதே வினா. உலகின் நலன்கள் எல்லார்க்கும் உரியவை என்று ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏடு கற்பிக்கின்றது. அறிவும் அந்நலன்களுள் ஒன்று. பல நாடுகளின் உதவியாலும் ஏழைகளின் வரியாலும் வளர்ந்த அறிவை எவரும் தனக்கு மட்டும் உரியதெனக் கொள்ள இயலாது. நம் இளைஞருள் அறிவியல் பயில்வோர் இதை நெஞ்சில் இருத்த வேண்டும். நம் பங்குப் பேரவைகளும், படகுகளில் அக்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளனவா, அவற்றை இயக்க மீனவருக்குப் பயிற்சி கிடைத்ததா என்று கேட்டறிவதைத் தம் பணியாகக் கொள்ளலாம்.

தும்பா ஆலயத்தின் பாதுகாவலி புனித மகதலா மரியாள், உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர். கண்டதைத் தமக்குள் வைத்துக்கொண்டு அவர் தோட்டத்திலேயே நிற்கவில்லை. கதவடைத்து அஞ்சியிருந்த சீடர்களிடம் விரைந்து சென்று அறிவித்தார். ஆகவே திருச்சபை அவரைத் திருத்தூதர்களுக்குத் திருத்தூதர் என்று போற்றுகின்றது. அச்சீடர்களுள் சிலர் மீனவர். அவருடைய இல்லத்தில் பிறந்த அறிவியலுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி வேண்டுமோ? உயரத்திலிருந்து கண்டதைக் கடலில் இருப்பவனுக்கு உரிய நேரத்தில் சொல்லுவதே அது தீர்க்க வேண்டிய கடன்.