முணுமுணுப்பின் வரலாறு

உங்களில் சிலருக்கு இப்போது காலை, சிலருக்கு நள்ளிரவு. எனக்கு மெல்பேர்னில் இரவுப் பணி முடிந்த மறுநாள். நடுவில் கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை. நாகர்கோவிலில் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, இருபது வருடத்துக்கு மேலாக ஊசியும் கேஸ் ஷீட்டுமாக இருப்பவள். வியட்நாமைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு நோயாளியால்தான் இந்தப் புத்தகங்களுக்குள் போனேன். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். வட வியட்நாமின் நெல் கிராமம் ஒன்றிலிருந்து மகளிடம் வந்து சேர்ந்தவர். தினமும் மாலையில் நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கையை வட்டமாகச் சுழற்றுவார். தலைசுற்றல். படுத்தபடியே ரத்த அழுத்தம் பார்ப்பேன், சரியாக இருக்கும். ‘புதிய புகார் எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தபோதுதான் அழுத்தம் சட்டென்று இறங்குவது தெரிந்தது. படுக்கவைத்தும் பார், நிற்கவைத்தும் பார் என்பது மாணவியாக இருந்தபோதே கற்ற பாடம். நான்தான் செய்யவில்லை.

பிறகு தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு முதன்முறையாக உட்கார்ந்து கேட்டேன். எப்போதிலிருந்து பாட்டி இந்தத் தலைசுற்றல்? அவர் சொன்னார்: “கூட்டுறவில் நாற்று நட்ட காலத்திலிருந்து. அப்போதும் யாரும் கேட்கவில்லை.”

அது என்ன கூட்டுறவு என்று தேடப் போனேன்.

வியட்நாமியக் கிராமத்தைப் பற்றி வெளியார் நிறைய எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுப் புவியியலாளர் பியர் குரூ 1936இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வடக்கே செந்நதிக் கழிமுகத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 430 பேர் வாழ்ந்ததைக் கணக்கிட்டது. அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்ட் ஹிக்கி, தெற்கே மீகாங் கழிமுகத்தின் ஒரு கிராமத்தில் தங்கி எழுதியதை 1964இல் வெளியிட்டார். 1976இல் ஜேம்ஸ் ஸ்காட், விவசாயிக்கு முதலில் வேண்டியது லாபமல்ல, பட்டினி கிடக்காத உத்தரவாதமே என்றார். மூன்று வருடம் கழித்து சாமுவேல் பாப்கின், விவசாயியும் கணக்குப் பார்க்கிற மனிதன்தான் என்று மறுத்தார். இருவருமே வியட்நாமிலிருந்து சான்று காட்டினார்கள். இவை பெரிய விவாதங்கள். ஆனால் என் பாட்டியின் வயல் எனக்குக் கிடைத்தது இன்னொரு புத்தகத்தில். கான்பெராவில் பேராசிரியராக இருந்த பெனடிக்ட் கெர்க்வ்லீட் 2005இல் வெளியிட்டது அது. ஹனோயின் ஆவணக் காப்பகங்களில் தேடியதோடு, செந்நதிக் கழிமுகத்தின் கிராமத்து மனிதர்களிடமும் பேசி எழுதினார்.

அதில் உள்ள கதை இது. 1950களின் நடுவில் வடக்கே நிலச்சீர்திருத்தம் நடந்தது. அதில் வன்முறையும் இருந்தது, தவறுகள் நடந்ததாக 1956இல் அரசே ஒப்புக்கொண்டது. ஆனாலும் நிலமில்லாத பலருக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அது கைக்கு வந்து சில வருடங்கள்கூட ஆகவில்லை, 1958இல் கூட்டுப்பண்ணை தொடங்கிவிட்டது. 1960 முடிவதற்குள் பெரும்பாலான விவசாயக் குடும்பங்கள் கூட்டுறவுகளுக்குள் வந்துவிட்டன. நிலமும் மாடும் பொதுவானவை. நாள் வேலைக்குப் புள்ளி. அறுவடையில் வரியும் அரசின் பங்கும் போக மிஞ்சியதைப் புள்ளிக்கேற்பப் பிரிப்பார்கள். நன்றாக நட்டவளுக்கும் ஏனோதானோவென்று நட்டவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. மேற்பார்வைக்காரர்களும் கணக்கர்களும் பெருகினார்கள், பங்கு சுருங்கியது.

மக்கள் என்ன செய்தார்கள்? கொடி பிடிக்கவில்லை. தாமதமாக வந்தார்கள், சீக்கிரம் போனார்கள். நல்ல எருவைப் பொது வயலுக்குக் கொடுக்காமல், சொந்தப் பயிருக்கென்று விடப்பட்டிருந்த சிறு துண்டில் போட்டார்கள். நூற்றில் ஐந்து பங்கு என்று பெயர் பெற்ற அந்தத் துண்டிலிருந்துதான் பல வீடுகளின் வருமானத்தில் பெரும்பகுதி வந்தது. கூட்டங்களில் முணுமுணுத்தார்கள். சில இடங்களில் உள்ளூர்த் தலைவர்களே கண்டுகொள்ளாமல் வயலைக் குடும்பங்களுக்குப் பிரித்துவிட்டார்கள். 1966இல் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் ங்கொக் இதை வெளிப்படையாகவே அனுமதித்தார். மேலிடம் அவரைக் கண்டித்தது, தவறு செய்தேன் என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. 1979இல் இறந்துபோனார். அவர் செய்ததற்கு அரசு மரியாதை கொடுத்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு.

ஆனால் 1981 ஜனவரியில் ‘100ஆம் உத்தரவு’ வந்தது. குடும்பத்தோடு ஒப்பந்தம் போடலாம் என்றது. 1986 டிசம்பரில் ஆறாவது கட்சி மாநாடு ‘டோய் மோய்’ என்ற புதுப்பித்தலை அறிவித்தது. 1988 ஏப்ரலில் ‘10ஆம் தீர்மானம்’ வயலைக் குடும்பத்தின் பொறுப்பிலேயே விட்டது. அந்த வருடம்கூட வடக்கே பசி இருந்தது. மறுவருடமே வியட்நாம் சுமார் 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. கெர்க்வ்லீட்டின் முடிவு எளிமையானது. இந்த மாற்றத்தைத் தலைவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வயலில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்ததற்குப் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. முணுமுணுப்பு ஜெயித்த கதை அல்லவா? ஆனால் பாட்டியின் தலைசுற்றலுக்கு இதில் பதில் இல்லை. அது இன்னொரு புத்தகத்தில் இருந்தது.

டென்மார்க் மானிடவியலாளர் டீனே கம்மெல்டோஃப்ட் 1990களின் தொடக்கத்தில் அதே செந்நதிக் கழிமுகத்தின் ஒரு ஊரில் தங்கி ஆய்வு செய்தார். புத்தகம் 1999இல் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ குழந்தை என்று 1988இல் அரசு விதித்திருந்தது. பெண்களுக்கு அதிகமாகப் போடப்பட்டது கருப்பையில் வைக்கும் வளையம், நம்மூரில் காப்பர் டி என்கிறோமே, அந்த வகை. அது போட்ட பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, உடம்பில் சத்தே இல்லை என்று பெண்கள் சொன்னார்கள். அது பக்கவிளைவா, மனப்பிரமையா என்று மருத்துவம் கேட்கும். கம்மெல்டோஃப்ட் அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். வயல், பன்றி, சமையல், மாமியார், பள்ளிச் செலவு, சண்டை வராமல் வீட்டைக் கொண்டுசெலுத்தும் பொறுப்பு. கணவனிடமோ மாமியாரிடமோ ‘முடியவில்லை’ என்று சொல்ல முடியாத பெண், ‘தலை சுற்றுகிறது’ என்று சொல்ல முடியும்.

இங்கேதான் இரண்டு புத்தகங்களும் எனக்குள் மோதிக்கொண்டன. வயல் குடும்பத்துக்குத் திரும்பியபோது விளைச்சல் கூடியது, உண்மை. ஆனால் கூட்டுறவு தாங்கிவந்த ஊர்ச் சுகாதார நிலையங்களின் வருமானம் குறைந்தது. 1989இல் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணம் வந்தது. விட்டுப்போன பாரம் வீட்டுக்குள் வந்தது, வீட்டுக்குள் யாருடைய தலையில் ஏறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விவசாயியின் முணுமுணுப்பை அரசு கேட்டதற்குக் காரணம், அது நெல்லாகத் தராசில் குறைந்து தெரிந்தது. பெண்ணின் முணுமுணுப்பு எந்தத் தராசிலும் ஏறவில்லை.

இதை வியட்நாமின் குறையாக நான் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களைப் போட்டிருந்தார்கள். காப்பர் டி போட்ட அக்காமார் வந்து “இடுப்பு விட்டுப்போகுது சிஸ்டர், கிறுகிறுன்னு வருது” என்பார்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, போகப் போகச் சரியாயிரும்” என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவோம். பதிவேட்டில் அந்த மாதத்தின் எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் செவிலியாகச் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, ‘ஓ, தலைசுற்றல் என்றால் குடும்பக் கஷ்டம்’ என்று புரிந்துகொண்டால் அதுவும் ஆபத்து. என் பாட்டிக்கு உண்மையிலேயே அழுத்தம் இறங்கியது. உண்மையிலேயே யாரும் கேட்கவும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருந்தன. சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்ட பெண் குணமான பிறகும், இயேசு கூட்டத்தை நிறுத்தி, தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடந்ததை முழுவதும் சொல்லும்வரை நின்றார். அந்தப் பகுதியைச் சிறுவயதிலிருந்து வாசிக்கிறேன். அவர் ஏன் நின்றார் என்பது இப்போதுதான் புரிகிறது.

பாட்டி இப்போது இல்லை. விழுந்த அன்றைய கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரி என் நினைவில் இருக்கிறது: ‘தலைசுற்றல், நீண்ட காலமாக.’ எத்தனை காலம் என்று எழுத அங்கே கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: ‘நாற்று நட்ட காலத்திலிருந்து.’

கேள்விகளைக் கேட்கலாம், அவசரமில்லை. இன்றைக்கு எனக்கு இரவுப் பணி இல்லை.