அஸ்வான் கொத்தனார்களின் கைப்பாடம்

எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, இரண்டாம் ராமேசஸ் தனக்கென எழுப்பிக்கொண்ட நினைவுக் கோயில் ஒன்று உள்ளது. ராமேசியம் என்பது அதன் இன்றைய பெயர். அங்கு வருவோர் பெரும்பாலும் உடைந்து கிடக்கும் மன்னனின் மாபெரும் கற்சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். கோயிலைச் சூழ்ந்து நிற்கும் களஞ்சிய அறைகளின் பக்கம் போகிறவர்கள் குறைவு. சூளை காணாத மண்கற்களால் கட்டப்பட்ட நீண்ட அறைகள் அவை. நம் ஊர்க் கூண்டு வண்டியின் கூண்டைப் போல் வளைந்த கூரைகள், அவையும் மண்கற்களே. ஒரு மரச்சட்டம் கிடையாது, ஓர் இரும்புத் துண்டு கிடையாது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. மழை அரிதான பூமி என்பது ஒரு காரணம்தான். ஆனால் மழையில்லாத பூமியிலும் தவறாகக் கட்டிய வளைவு ஒரு நாள்கூட நிற்காது.

இத்தனை காலம் நின்றும், அக்கூரைகள் தம்மைச் சுற்றி வாழ்ந்த எவருக்கும் எதையும் கற்றுத் தரவில்லை என்பதே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்தி. ராமேசியத்தை ஒட்டிய குர்னா கிராமத்தார், அவற்றை நாள்தோறும் கடந்து சென்றவர்கள், அவ்வாறு கூரை வளைக்க அறியாதவர்களாகவே இருந்தனர். அங்கிருந்து தெற்கே, அஸ்வானுக்கு அப்பால், நுபியர்களின் சிற்றூர்க் கொத்தனார்களிடம் அக்கலை உயிரோடு இருந்தது. கலைவரலாறு பேசும் நாம் நிற்கும் கட்டடங்களைப் போற்றுகிற அளவுக்கு, நிற்க வைத்த கைகளின் தொடர்ச்சியைக் கவனிப்பதில்லை.

ஹசன் ஃபாத்தி என்னும் எகிப்தியக் கட்டடக் கலைஞரின் கதையிலிருந்து தொடங்குவோம். 1900இல் பிறந்தவர், ஏழை உழவனுக்கு மண்வீடே தகும் என்று நம்பியவர். சுவர் எழுப்ப மண் எங்கும் கிடைத்தது. சிக்கல் கூரையில்தான். எகிப்தில் மரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மரமும் இரும்பும் வருவது நின்றது. பண்டை எகிப்தியர் மரமின்றியே மண்கல் கூரை போட்டவர்கள் ஆயிற்றே, நாமும் செய்து பார்ப்போம் என்று கெய்ரோவுக்கு அருகே பஹ்திம் பண்ணையில் ஃபாத்தி முயன்றார். பட்டம் பெற்றவர், பழைய கட்டடங்களைக் கண்ணாரக் கண்டவர், வளைவின் கணக்கும் அறிந்தவர். கட்டிய கூரைகள் விழுந்தன.

வளைவு கட்டுவதில் உள்ள இடர்ப்பாட்டை இங்குச் சொல்லிவிட வேண்டும். முடிந்துவிட்ட வளைவு தன்னைத் தானே தாங்கும். முடியும்வரை அதைத் தாங்குவது யார்? நம் கொத்தனார்கள் சென்டரிங் அடித்து, முட்டுக் கொடுத்து, அதன்மேல் கல் அடுக்கி, இறுகிய பின் பிரித்தெடுப்பார்கள். சென்டரிங்குக்கு மரம் வேண்டும். மரம் இல்லை என்பதால்தானே மண்கூரைக்கே வந்தோம்! இந்தச் சுழலில்தான் ஃபாத்தியும் சிக்கினார்.

அப்போது அவருடைய சகோதரர் ஒரு தகவல் சொன்னார்: அஸ்வான் பக்கத்து நுபியர்கள் தம் வீடுகளுக்கும் மசூதிகளுக்கும் முட்டே இல்லாமல் வளைகூரை போடுகிறார்கள். 1941இல் ஃபாத்தி அஸ்வான் சென்றார். நகரம் அவருக்கு ஏமாற்றமே அளித்தது. ஆற்றைக் கடந்து கார்ப் அஸ்வான் என்னும் கிராமத்தை அடைந்தபோதுதான் தேடியது கிட்டியது. வீதி வீதியாக வளைகூரை வீடுகள். அவற்றைக் கட்டிய மனிதர்களும் அங்கேயே இருந்தார்கள். பொக்தாதி அகமது அலி என்னும் மூத்த கொத்தனாரை அவர் சந்தித்தது இத்தேடலில்தான். விரைவிலேயே நுபியக் கொத்தனார்கள் வடக்கே அழைத்துவரப்பட்டு, ஃபாத்தியின் கண்ணெதிரில் கூரை போட்டுக் காட்டினார்கள்.

அவர்கள் செய்த முறை இது. கூரைக்கான கல் சுவர்க் கல்லினும் மெலிது, 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், கனம் வெறும் 5 செ.மீ. எடை குறைய வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பார்கள். கல் ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரலால் இரண்டு கோடுகள் கீறிவிடுவார்கள். இவ்விரல் கோடுகளை அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது. மண்சேற்றைக் கவ்விப் பிடிப்பதற்கான பள்ளங்கள் அவை. அறையின் இரு பக்கச் சுவர்கள் தாழ்ந்திருக்க, ஒரு முனைச் சுவர் மட்டும் உயர்ந்து நிற்கும். அந்த உயர்ந்த சுவரின்மேல் குழைத்த மண்ணை அப்பி, வளைவின் வடிவத்தைக் கையாலேயே தீட்டி, வாய்ச்சியால் ஓரத்தைச் செதுக்கிச் சீராக்குவார்கள். கயிறு இல்லை, அளவுகோல் இல்லை. பிறகு முதற் கல்லைப் பக்கச் சுவரின்மேல் செங்குத்தாக வைத்து, கீறிய முகத்தை அந்த மண்ணில் அழுத்துவார்கள். அதன் காலடியில் ஆப்புப் போல் சிறிது மண். அடுத்த அடுக்கு இதனால் சற்றே சாய்ந்து அமையும். அதற்கடுத்தது இன்னும் சற்றுச் சாயும். இங்ஙனம் ஒவ்வொரு வளையமும் நேரே நிற்காமல், முனைச் சுவரின்மேலும் தனக்கு முன் கட்டிய வளையத்தின்மேலும் சாய்ந்துகொள்ளும். கல்லை விழாமல் பிடிப்பது சாய்வும் சேற்றின் ஒட்டும்தான். இருபுறத்துக் கற்களும் உச்சியில் கூடிவிட்டால் வளையம் முடிந்தது. அதுவே அடுத்த வளையத்துக்குச் சுவர்.

தொங்கவிட்ட சங்கிலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்ற வடிவம் அந்த வளைவுக்கு. அவ்வடிவத்தில் சுமை முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்கும். எங்கும் இழுவிசை தோன்றாது. மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. பொறியாளர் தாளில் போட்டுக் கண்டறியும் இவ்வடிவத்தை அக்கொத்தனார்கள் சுவரில் கையால் இழுத்தார்கள். 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள அறைக்கு இருவர் ஒன்றரை நாளில் கூரை போட்டுவிடுவர் என்கிறார் ஃபாத்தி.

குர்னாவில் அழிந்தது நுபியாவில் ஏன் பிழைத்தது? எங்கள் ஊகம், அணைகளுக்கும் இதில் பங்குண்டு என்பது. 1902இல் அஸ்வானில் முதல் அணை எழுந்தது. 1912இலும் 1933இலும் அதை உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் ஏற, நுபியர்களின் ஆற்றோர வயல்களும் பேரீச்சந்தோப்புகளும் மூழ்கின. வீடிழந்தவர்கள் மேட்டில் ஏறி மீண்டும் கட்டிக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்குள் ஊர் ஊராக வீடு கட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் கொத்தனாரின் கைக்கு ஓய்வு ஏது? துயரம்தான், ஆயினும் கலை ஓயவில்லை. பின்னர் 1960களில் உயர் அணை கட்டியபோது கதை மாறியது. எகிப்திய நுபியர் சுமார் 50,000 பேர் 1963-64இல் கோம் ஓம்போ பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். இம்முறை வீடுகளை அரசே கட்டிக் கொடுத்தது. தம் ஊரைத் தாமே மீண்டும் கட்டும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

குர்னாவுக்குத் திரும்புவோம். பண்டைப் பிரபுக்களின் கல்லறைகள் மீதே குடியிருந்த ஏறத்தாழ 7,000 மக்களை வேறிடம் மாற்ற எகிப்தியத் தொல்லியல் துறை முடிவு செய்தது. கல்லறை ஒன்றில் பாறைச் சிற்பம் முழுமையாக வெட்டிக் களவாடப்பட்டதே உடனடிக் காரணம். புதிய குர்னாவை அமைக்கும் பணி ஃபாத்தியிடம் வந்தது. 1945இல் வேலை தொடங்கியது. அஸ்வான் கொத்தனார்கள் வந்து சேர்ந்தார்கள். வேலை நடக்கும் இடமே பள்ளி என்பது ஃபாத்தியின் திட்டம். உள்ளூர் ஆட்கள் கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, சுவர் கட்டி, பின் வளைவுக்கு ஏற வேண்டும். கற்றவர்கள் தத்தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஊரையே கட்டிக்கொள்ள வேண்டும்.

மசூதி எழுந்தது, சந்தை எழுந்தது, பள்ளியும் அரங்கமும் எழுந்தன. வீடுகள் ஒரு பகுதியே முடிந்தன. கல்லறைகளையும் பயணிகளையும் நம்பிப் பிழைத்த மக்கள் அவ்விடத்தை விட்டு நகர விரும்பவில்லை. புதிய ஊரை மூழ்கடிக்கக் கரையை வெட்டிவிட்டார்கள் என்று ஃபாத்தியே எழுதியுள்ளார். அலுவலகங்களும் ஒத்துழைக்கவில்லை. 1948 அளவில் பணி நின்றது. இத்தோல்விக்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்று கருதுகிறோம். வீடு மாற விரும்பாதவனை அவன் வீட்டைக் கட்டக் கற்றுக்கொள் என்றால் அவன் எப்படி மனம் ஒன்றிக் கற்பான்? அஸ்வான்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, அரைகுறையாகக் கற்ற கைகளை வளைகூரை போட அழைத்தவர்களும் சிலரே.

ஃபாத்தி இவற்றையெல்லாம் எழுதிய நூல் 1969இல் கெய்ரோவிலும், 1973இல் 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்ற பொருள்படும் தலைப்பில் சிகாகோவிலும் வெளியாகி, உலகெங்கும் இளைஞர்களை ஈர்த்தது. வளைவு கட்டும் முறை அதில் படிப்படியாக, படங்களோடு உள்ளது. இருந்தும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அபிக்யூ என்னுமிடத்தில் தார் அல்-இஸ்லாம் மசூதியைக் கட்டத் தொடங்கியபோது, எண்பது வயது ஃபாத்தி நூலை மட்டும் அனுப்பி வைக்கவில்லை. நுபியக் கொத்தனார் இருவரை உடன் அழைத்துக்கொண்டு போனார்! ஆர்வலர்கள் சூழ்ந்து நிற்க, அவர்கள் கல்லை ஒட்டிக் காட்டினார்கள்.

ஃபாத்தியின் பாதையில் வந்த 'டெவலப்மென்ட் ஒர்க்‌ஷாப்' என்னும் குழு, 1980களில் நைஜர் நாட்டில் மரமில்லாக் கட்டுமானத்தைக் கொத்தனார்களுக்குக் கற்பித்தது. 2000இல் பிரெஞ்சுக் கொத்தனார் தாமா கிரானியேயும் புர்கினா ஃபாசோ உழவர் செரி யூலுவும் சேர்ந்து 'நுபிய வளைகூரைச் சங்கம்' கண்டார்கள். சாகேல் நிலத்தில் காடழிந்து உத்தரத்துக்கு மரமில்லை. தகரம் போட்டால் வெயிலில் உள்ளே இருக்க முடியவில்லை. இவர்கள் கூரையின் அகலத்தை ஏறத்தாழ 3.25 மீட்டர் என வரையறுத்து, வளைவுக்கு வழிகாட்டியாக ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, எளிய உழவனும் கற்கும்படி முறையைச் சுருக்கினார்கள். மழை ஓய்ந்த பருவத்தில் உழவர்கள் கூரை போடும் இடத்தில் கையாளாகச் சேர்ந்து, பருவம் பருவமாகக் கற்றுக் கொத்தனார் ஆகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்படி எழுந்துள்ளன. அழகு பார்த்தால் பொக்தாதியின் கைக்கோடு இக்கம்பிக்கு வராது. அவருடைய கை எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதையும் நினைக்க வேண்டும் அல்லவா?

நம் பக்கத்திலும் இக்கலை வந்து சேர்ந்திருக்கிறது. 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், அழுத்தி வார்த்த மண்கற்களைக் கொண்டு வளைகூரையும் குவிமாடமும் கட்டப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. அங்குக் கற்பிக்கும் முறைகளில் நுபிய முறையும் ஒன்று. ஃபாத்தி மறைந்ததும் அதே 1989இல்தான். ஆரோவில் வருகையாளர் மையத்துக்கு 1992இல் கிடைத்த விருது ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், வடதமிழகத்தில் ஒரு தோப்பில் நடந்த ஐந்து நாள் மண்வீட்டுப் பட்டறையில் எங்கள் குழுவினர் நால்வர் கலந்துகொண்டோம். ராமேசியத்தின் படங்களை நூறு முறை பார்த்தவர்கள், சாய்வுக் கோணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசக்கூடியவர்கள் நாங்கள். முதல் இரண்டு நாள்கள் மண் சலிப்பதிலும் மிதிப்பதிலும் போயின. மூன்றாம் நாள் ஆளுக்கொரு கல்லைச் சேற்றில் தோய்த்து ஒட்டினோம். ஒட்டிய கல்லிலிருந்து கையை எடுக்கும் அந்த நொடி... எந்த நூலும் எங்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நான்கு கற்கள் நின்றன. ஐந்தாவது வழுக்கியது, கூடவே மற்றவையும் வந்தன.

பட்டறைக்கு உதவியாக வந்திருந்த உள்ளூர்க் கொத்தனார் ஒருவர், அறுபது வயதிருக்கும், பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். விழுந்த கல் ஒன்றைத் திருப்பி, ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார்: சொந்த வீடு கான்கிரீட்தான், மண்வேலைக்கு ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை, இப்படி வெளியூர்க்காரர்கள் கற்க வரும்போதுதான் கூப்பிடுகிறார்கள் என்று. ஐந்து நாளில் நாங்கள் எத்தகைய கொத்தனார் ஆகிவிடுவோம் என்பது எங்களுக்கும் தெரிந்தே இருந்தது. அவருக்கு ஆண்டு முழுதும் இவ்வேலை கிடைத்து, அவரோடு இரண்டு பையன்கள் கல் எடுத்துக் கொடுத்து நின்றால், அதை வேண்டுமானால் கற்றல் எனலாம்.

"மண்ணு தண்ணியாப் போச்சு சார். வேற மண்ணு ராத்திரி ஊறட்டும், காலையில ஒட்டிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்த சேற்றை மண்வெட்டியால் ஒன்றாகக் கூட்டத் தொடங்கினார்.