தலையில் பாய்ந்த குண்டும் பார்வையின் வரைபடமும்

ஒருவருக்குப் பார்வை போய்விட்டது என்றால் கண்ணில்தான் கோளாறு என்று நினைப்போம். ஆனால் இரண்டு கண்களும் நன்றாக இருந்தும் பாதி உலகம் தெரியாமல் போனவர்கள் உண்டு. பின்மண்டையில் பலமாக அடிபட்டால் இப்படி நடக்கலாம். கண் என்பது வாசல் மட்டும்தான். கண்ணில் விழுந்த காட்சியை மூளை வாங்கிக்கொள்ளும் இடம் தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே இருக்கிறது. வாசலிலிருந்து அந்த இடம் வரை மூளைக்குள் நீளமாக ஒரு நரம்புப் பாதை ஓடுகிறது.

இன்றைக்கு மூளையில் கட்டி என்றோ வலிப்பு என்றோ அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், இந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுக்கிறார். அந்த வரைபடம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? அதில் ஒரு முக்கியமான பகுதி, ராணுவ வீரர்களுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்ற கணக்கிலிருந்து வந்தது!

முதலில் ஒரு சின்ன விளக்கம். எதிரே சுவரில் ஒரு புள்ளியை அசையாமல் பாருங்கள். அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் தெரிவதெல்லாம் வலது பக்க மூளைக்குப் போகிறது. வலப்பக்கம் தெரிவதெல்லாம் இடது பக்க மூளைக்கு. எந்தக் கண்ணால் பார்த்தாலும் இதுதான் விதி. எனவே ஒரு பக்கத்துப் பின்மூளை முழுக்கச் சேதமானால் இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துவிடும்.

பார்வைக்கும் பின்மூளைக்கும் தொடர்பு உண்டு என்று 1855-லேயே இத்தாலியைச் சேர்ந்த பனிஸா சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1890-களில் ஸ்வீடனின் ஹென்ஷன், பின்மூளையின் உட்புறத்தில் உள்ள ஒரு மடிப்புதான் அந்த இடம் என்று காட்டினார். இடம் சரி. ஆனால் நாம் எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்தும் நடுப்பார்வை அந்த மடிப்பின் முன்கோடியில் இருக்கிறது என்றார். அது தவறு. பல விதமாகச் சேதமான மூளைகளை வைத்துக்கொண்டு அதற்குமேல் துல்லியமாகச் சொல்வது கடினம்.

இந்த நிலையில்தான் 1904-ல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது.

ரஷ்ய வீரர்கள் கையில் இருந்தது 1891-ல் படைக்கு வந்த மோசின்-நாகான் துப்பாக்கி. அதன் குண்டின் விட்டம் 7.62 மி.மீ. பழைய காலத்து ஈயக் குண்டுகள் பெரியவை, வேகம் குறைந்தவை. தலையில் பட்டால் மண்டையோட்டை நொறுக்கி மூளையையும் சிதைத்துவிடும். இந்தப் புதிய குண்டோ சிறியது, வேகமானது. ஒரு பக்கம் நுழைந்து நேர்கோட்டில் மறுபக்கம் வெளியே போய்விடும். தலையில் குண்டு துளைத்தும் உயிரோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் பார்வையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது.

இவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தர வேண்டும். எவ்வளவு? இழந்த பார்வைக்கு ஏற்றபடி. அப்படியானால் யாராவது அதை அளக்க வேண்டும் அல்லவா? அந்த வேலை தட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவரிடம் வந்தது. 1881-ல் பிறந்தவர். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார்.

ஒவ்வொருவருக்கும் எந்தத் திசையில் எவ்வளவு தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் இனோயேயின் வேலை முடிந்தது. உதவித்தொகைக்கு அது போதும். அவர் அதோடு நிற்கவில்லை. குண்டு நுழைந்த துளை ஒன்று, வெளியேறிய துளை ஒன்று. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் மூளையில் எந்தப் பகுதி அழிந்திருக்கும் என்று கணக்கிடலாம். இதற்காகத் தலையின் மேல் அளவெடுக்க ஒரு கருவியையே வடிவமைத்தார். ஏறக்குறைய 30 பேரின் பார்வை இழப்பையும் குண்டின் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

வரைபடம் தெளிவாகத் தொடங்கியது. அந்த மடிப்பின் மேல் உதடு போனவருக்குக் கீழ்ப்பக்கம் தெரியவில்லை. கீழ் உதடு போனவருக்கு மேல்பக்கம் தெரியவில்லை. நடுப்பார்வை இருப்பது ஹென்ஷன் சொன்ன முன்கோடியில் அல்ல, பின்கோடியில். அதுமட்டுமல்ல, அளவில் சிறியதான அந்த நடுப்பார்வைக்கு மூளை மிக அதிகமான இடத்தை ஒதுக்கியிருக்கிறது. இதையெல்லாம் 1909-ல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக லைப்சிக் நகரில் வெளியிட்டார். அந்த நூல் ஆங்கிலத்தில் முழுமையாக வந்தது 2000-ல். இடையில் 91 ஆண்டுகள்!

அதற்குள் இன்னொரு போர் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் இரும்புத் தொப்பி பின்மண்டையைச் சரியாக மூடவில்லை. அங்கே காயம்பட்டவர்களை கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், வில்லியம் லிஸ்டர் என்ற கண் மருத்துவருடன் சேர்ந்து பிரான்சில் பரிசோதித்தார். 1916-லும் 1918-லும் அவர் வெளியிட்ட முடிவுகளே பாடப்புத்தகங்களில் ஏறின. 1991-ல் எம்.ஆர்.ஐ. உதவியுடன் ஹார்ட்டன், ஹாய்ட் இருவரும் அதைத் திருத்தினார்கள். நடுப்பார்வைக்கு ஹோம்ஸ் ஒதுக்கியதைவிடவும் அதிக இடம் தேவைப்பட்டது.

ஹோம்ஸின் பட்டியலில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. கீழ்ப்பார்வை இழந்தவர்கள்தான் அதிகம். மேல்பார்வை இழந்தவர்கள் குறைவு. குண்டுகள் அப்படித் தேர்ந்தெடுத்துப் பாய்ந்தனவா? இல்லை. இன்னும் கீழே குண்டு பட்டால் சிறுமூளையும் பெரிய ரத்தக் குழாய்களும் அடிபடும். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வரைக்கும் வரவில்லை. வரைபடத்தை வரைந்தது பிழைத்தவர்களின் காயங்கள் மட்டுமே.

சரி, போய்ச் சேரும் ஊர் தெரிந்துவிட்டது. போகும் பாதை?

இங்கேதான் அறுவை சிகிச்சைக்கு ஆபத்து காத்திருந்தது. கண்ணிலிருந்து பின்மூளைக்குப் போகும் நரம்பிழைகள் நேராகப் பின்னால் போயிருந்தால் பிரச்சினை இல்லை. அவற்றில் ஒரு பகுதி, காதுக்கு மேலே இருக்கும் பொட்டு மூளைக்குள் முன்னோக்கிப் போய், ஒரு வளைவு எடுத்து, பிறகுதான் பின்னால் திரும்புகிறது. 1907-ல் இதை விவரித்த அடால்ஃப் மேயரின் பெயரால் இது மேயர் வளைவு எனப்படுகிறது. மேல்பார்வைக்கான இழைகள் இந்த வளைவு வழியாகத்தான் போகின்றன. பொட்டு மூளையில் கட்டி வந்தவர்களுக்கு எதிர்ப்பக்க மேல்மூலை மறைவதை, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் எடுத்துக்காட்டினார்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்குப் பொட்டு மூளையின் முன்பகுதியை வெட்டி எடுப்பது நல்ல பலன் தரும் சிகிச்சை. பலருக்கு வலிப்பு நின்றுவிடும். ஆனால் வளைவு அறுபட்டால் மேல்மூலையில் பார்வை போய்விடும். அப்படியானால் எவ்வளவு தூரம் வெட்டலாம்? 1988-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தவர்களின் மூளைகளைப் பிரித்துப் பார்த்து அளந்தார்கள். பொட்டு மூளையின் நுனியிலிருந்து வளைவு வரை சிலருக்கு 22 மி.மீ., சிலருக்கு 37 மி.மீ. வித்தியாசம் 15 மி.மீ. எல்லாருக்கும் பொதுவான ஒரு அளவுகோல் செல்லாது என்பது தெளிவானது. உயிரோடு இருக்கும் அந்த ஒருவரின் பாதை எங்கே என்று தெரிய வேண்டும்.

அதற்கு வழி 1994-ல் கிடைத்தது. மூளையில் உள்ள நீரின் மூலக்கூறுகள் நரம்பிழையின் போக்கில் எளிதாக நகரும், குறுக்கே எளிதாக நகராது. எம்.ஆர்.ஐ. மூலம் அந்த அசைவை எல்லாத் திசைகளிலும் அளந்து, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்கிடும் முறையை பீட்டர் பாஸரும் மற்றவர்களும் அமைத்தார்கள். கத்தி படாமலே பாதையை வரைய முடிந்தது.

இன்னொரு சிக்கல் இருந்தது. மண்டையைத் திறந்ததும் மூளை சற்றுக் கீழிறங்கும், இடம் மாறும். காலையில் எடுத்த படம் மதியம் பொருந்தாது. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் அறுவை அறையிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துப் படத்தைத் திருத்தி, பாதையை மருத்துவரின் நுண்ணோக்கிக் காட்சியிலேயே தெரியும்படி செய்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, இந்த முறையில் அறுவை நடந்த 21 பேரில் ஒருவருக்குக்கூட வண்டி ஓட்டும் தகுதியை இழக்கும் அளவுக்குப் பார்வை போகவில்லை. வலிப்பு நின்றவர்களின் பெரிய ஆசைகளில் ஒன்று மறுபடி வண்டி ஓட்டுவது. அதனால் இது சின்ன விஷயமல்ல. கார்டன் ஹோம்ஸ் பணியாற்றியதும் இதே குவீன் ஸ்கொயரில்தான்.

ஆனால் ஸ்கேனில் தெரியும் கோடு கணக்குப் போட்டு வரைந்த கோடு. கூர்மையான வளைவுகளில் அது தவறலாம். பிரான்சின் மோன்பெலியே நகரில் ஹ்யூக் டுஃபோ குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். நோயாளியை விழிக்க வைத்து, திரையில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். மருத்துவர் மூளையில் லேசாக மின்சாரம் கொடுப்பார். ஒரு படம் சட்டென்று மறைந்தால், பாதை அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே கத்தி நின்றுவிடும். சில சமயம் கட்டியை முழுமையாக எடுக்க ஒரு கால்பங்கு பார்வையைக் கொடுத்து, பாதிப் பார்வை போகாமல் காப்பாற்றுகிறார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான்.

"எந்தப் பக்கம் தெரியவில்லை?" என்பதே இனோயே அந்த வீரர்களிடம் கேட்ட கேள்வி. பார்வை போனபிறகு, தொகையை முடிவு செய்வதற்காகக் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்களால்தான் இன்று அதே கேள்வியைப் பார்வை போவதற்கு முன்பே கேட்க முடிகிறது.