ஊசி நூலில் அகதிகளின் கதை: 'கதைத் துணி' பேசும் அரசியல் என்ன?

1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய தமிழர்கள், சொத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அவர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவானதுதான் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார். இப்படிப் புலம்பெயர்ந்தவர்கள் அரசுக் கோப்புகளில் வெறும் எண்ணிக்கைதான். உலகின் வேறு சில இடங்களில் அந்த அனுபவத்தைத் துணியில் தைத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கே தொடங்கியது?

லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மோங் இனப் பெண்கள் எம்பிராய்டரியில் கைதேர்ந்தவர்கள். கோலம் போன்ற வடிவங்களையே தைத்து வந்தார்கள். 1975-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் ஏராளமான மோங் மக்கள் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பினர். பான் வினாய் போன்ற அகதி முகாம்களில்தான் விட்டுவந்த ஊர், போர் விமானம், ஆற்றைக் கடக்கும் குடும்பம் எல்லாம் துணியில் ஏறின. அவற்றை விற்ற காசில் குடும்பமும் ஓடியது.

இதுல அரசியல் எங்கே வருது?

1990-களில் மெக்சிகோ எல்லையோர நகரங்களில் அமெரிக்கா காவலை இறுக்கியது. வேலை தேடி வந்தவர்கள் அரிசோனா பாலைவனம் வழியாக நடந்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். அவர்கள் நினைவாக 'மைக்ரன்ட் குயில்ட் ப்ராஜெக்ட்' என்ற முயற்சியில் ஆண்டுக்கு ஒன்றாக ஒட்டுப் போர்வைகள் தைக்கப்படுகின்றன. பாலைவனத்தில் கிடந்த ஜீன்ஸ், கைக்குட்டைகள்தான் துணி. அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அடையாளம் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு.

தமிழர்களில்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த இலங்கைக் கலைஞர் ஹேமா ஷிரோனி, வீடு, இடப்பெயர்வு, போரின் நினைவு ஆகியவற்றைத் துணியிலும் நூலிலும் படைப்புகளாக்கி வருகிறார்.

நமக்கு ஏன் முக்கியம்?

வடசென்னையை அடுத்த புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் வசிக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகன் இல்லையென்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இலங்கை இல்லை.

தைத்த துணி குடியுரிமை வாங்கித் தராது. ஆனால், எங்கிருந்து, எதனால், எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.