முதுகெலும்பு இணைப்பு அறுவையின் உள்வைப்புப் பொருள்கள்

தேய்ந்த, நழுவிய அல்லது உடைந்த முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே எலும்பாக வளரச் செய்வது முதுகெலும்பு இணைப்பு அறுவை. எலும்பு கூடும்வரை அசைவை அடக்கிப் பிடிப்பவை திருகு, கம்பி, கூண்டு ஆகிய உள்வைப்புகள். எலும்பு கூடவில்லையென்றால் எவ்வளவு உறுதியான உலோகமும் நாளடைவில் தளரும், அல்லது முறியும்.

1891இல் டெக்சாஸ் மருத்துவர் பெர்த்தோல்ட் ஹாட்ரா கழுத்து முள்ளெலும்புகளை வெள்ளிக் கம்பியால் கட்டினார். 1911இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி இருவரும் தனித்தனியே, காசநோய் அரித்த முதுகுகளை உலோகமே இல்லாமல் இணைத்துக் காட்டினார்கள். ஆல்பி வைத்தது நோயாளியின் கீழ்க்காலிலிருந்து எடுத்த எலும்புத் துண்டு. அது கூடும்வரை நோயாளி நெடுநாள் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் உலோகம் தந்த பெரிய விடுதலை, அந்தப் படுக்கைவாசம் குறைந்ததுதான்.

போலியோ தாக்கி முதுகு வளைந்த குழந்தைகளுக்காக ஹூஸ்டனின் பால் ஹாரிங்டன் 1950களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியையும் கொக்கியையும் உருவாக்கினார். தொடக்கத்தில் எலும்பு ஒட்டு வைக்காமல் கம்பியை மட்டும் பொருத்தினார்; கொக்கிகள் நழுவின, கம்பிகள் முறிந்தன. ஒட்டையும் சேர்த்த பிறகே சிகிச்சை நிலைத்தது. இத்துறையின் அடிப்படைப் பாடம் அந்தத் தோல்வியிலிருந்து வந்தது என்றே சொல்லலாம்.

பொருள்களை ஒப்பிட விறைப்பு நல்ல அளவுகோல். எலும்பின் கெட்டியான புறப்பகுதி சுமார் 15 முதல் 20 கிகாபாஸ்கல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200ஐ ஒட்டியது. கோபால்ட் குரோமியம் அதற்கும் மேல். டைட்டானியக் கலவை 110 அளவில். மிகுந்த விறைப்புள்ள பொருள் சுமையைத் தானே தாங்கிக்கொள்ள, சுமை படாத எலும்பு மெலிகிறது. டைட்டானியத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு: எலும்பு அதன்மீது நேரடியாகப் பற்றி வளரும். ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களில் கண்ட உண்மை இது. எம்.ஆர்.ஐ. படத்தையும் அது ஸ்டீலைவிடக் குறைவாகவே குலைக்கும். ஆனால் வளைக்கும்போது கீறல் விழுந்த டைட்டானியக் கம்பி அந்த இடத்தில் முறியக்கூடும். அதனால், பெரியவர்களின் கடும் வளைவுகளை நிமிர்த்த கோபால்ட் குரோமியக் கம்பியையே விரும்பும் மருத்துவர்கள் உண்டு.

முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் கூண்டு குதிரைகளிடமிருந்து வந்தது. கழுத்துத் தண்டுவடம் நசுங்கித் தள்ளாடிய குதிரைகளுக்காக அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பாக்பி துளைகளிட்ட ஸ்டீல் கூடையைச் செய்தார். 1977இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற சியாட்டில் ஸ்லூ என்ற குதிரைக்கும் 2000இல் இத்தகைய கழுத்து இணைப்பு நடந்தது. மனிதர்களுக்கான டைட்டானிய வடிவம் 1996இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் உள்ளே எலும்பு வளர்ந்ததா என்பதை எக்ஸ்ரேயில் உலோகம் மறைத்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது பீக் என்ற பிளாஸ்டிக். 1978இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பிறந்த இதன் விறைப்பு 3 முதல் 4 கிகாபாஸ்கல்தான். எக்ஸ்ரே இதை ஊடுருவிச் செல்வதால், கூண்டு இருக்குமிடம் தெரிய டான்டலம் முனைகளைப் பதிக்கிறார்கள். எலும்பு இதில் ஒட்டுவதில்லை. நடுவே நார்த்திசு படர்ந்துவிடுகிறது. இப்போது பீக்குக்கு டைட்டானியப் பூச்சு தருகிறார்கள். முப்பரிமாண அச்சில் நுண்துளை டைட்டானியக் கூண்டுகளும் செய்கிறார்கள். துளைகள் விறைப்பைத் தணிக்கின்றன, எலும்பு நுழையவும் இடம் தருகின்றன.

புற்றுநோயாளிகளுக்கு வேறு கணக்கு. உலோகம் ஸ்கேன் படத்தில் நிழல் வீழ்த்தி, கதிர்வீச்சு அளவைத் திட்டமிடுவதைச் சிக்கலாக்குகிறது. அவர்களுக்காகத் திருகும் கம்பியுமே கார்பன் இழை கலந்த பீக்கில் வருகின்றன; கட்டி மீண்டும் தலையெடுத்தால் அதையும் ஸ்கேனில் தெளிவாகப் பார்க்கலாம்.